ஊர்க்கணக்கில் சேராத தூசு

செந்தேரியின் கதையைச் சொல்பவர்கள் முதலில் இரண்டு விண்மீன்களைச் சொல்வார்கள், பிறகு அவற்றைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு தெருக்களைச் சொல்வார்கள், பிறகு அந்தத் தெருக்களின் தலைவர்களைச் சொல்வார்கள், கடைசியில் பானையில் ஒட்டிய சோற்றை வழித்துப் போடுவதைப்போலத் தூசைப் பற்றியும் இரண்டு வரி சொல்லி முடிப்பார்கள். அந்தத் தூசு யாருடைய கூரைக்கு மேலே பிறந்தது, அதை முதன்முதலில் கையில் அள்ளிப் பார்த்தவள் யார் என்பதை விட்டுவிடுவார்கள். லிங்கபுஷ்பத்தை விட்டுவிடுவது அந்த ஊருக்குப் பழகிய காரியம். அங்கே ஆள்களை எண்ணும் வழக்கம் இல்லை, தலைக்கட்டுகளைத்தான் எண்ணுவார்கள். தலைக்கட்டு என்றால் கோயில் கொடை என்னும் திருவிழாவுக்கு வரி கொடுத்து, ஊர்க்கூட்டத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, செத்தால் ஊர் கூடிப் பாடை கட்டித் தூக்கும் தகுதி படைத்த ஓர் ஆண். மனைவியும் மக்களும் அவனுக்குள் அடக்கம். எந்த ஆணுக்குள்ளும் அடங்காமல் மிஞ்சிப்போன ஒரு பெண்ணை எண்ணுவதற்கு அந்த ஊரில் எண் கிடையாது.

லிங்கபுஷ்பம் மேலத்தெருவில் பிறந்து கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் தங்கவேல் மும்பைக்குப் போய் முதலில் மளிகைக்கடை வைத்தான், பிறகு வீடு வைத்தான், பிறகு அந்த வீட்டில் வேறொருத்தியை வைத்தான், இவளுக்குத் தகவல் சொல்லும் சிரமத்தை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மேலத்தெருத் தலைவர் சிவனணைந்தான் அவளுடைய உடன்பிறந்த அண்ணன். அவர், "கெட்டிக் குடுத்த பிள்ளைக்கு இங்கன என்ன இருக்கு, போன வீட்டுல கெட" என்றார். கீழத்தெருத் தலைவர் சுயம்புலிங்கம் அவள் கணவனின் அண்ணன்; அவர், "தம்பியே இல்லாத வீட்டுல நீ யாரு தாயி" என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டையும் கேட்டுவிட்டு அவள் தன் டிரங்குப் பெட்டியை இரண்டு தெருக்களுக்கும் நடுவே கிடந்த செம்மணலில் இறக்கி வைத்து, நான்கு பனங்கைகளை நட்டு, ஓலை வேய்ந்து, அங்கேயே குடியிருந்தாள்.

தேரி எனப்படும் அந்தச் செம்மணல் நடக்கும் மணல். ஆனி ஆடிக் காற்றில் ஒரு மேடு ஓர் இடத்தில் படுத்து இன்னோர் இடத்தில் எழுந்திருக்கும். அதில் கிணறுகள் காணாமல் போயிருக்கின்றன, ஒரு மாட்டுவண்டி முழுதாகப் புதைந்து அடுத்த தலைமுறையில் வெளியே வந்திருக்கிறது. லிங்கபுஷ்பம் விடிந்ததும் வாசலை அடைத்து நிற்கும் மணலைத் தகரத்தால் தள்ளுவாள், பிறகு முந்திரிக்கொட்டை உடைப்பாள். கொட்டைப்பால் பட்டு அவள் விரல்நுனிகள் கருத்து வெந்து தோலுரிந்து மறுபடி கருக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஊர் தன்னையும் ஒரு தலைக்கட்டு என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு கொடைக்கும் வரியை முந்தானையில் முடிந்துகொண்டு முதலில் மேலத்தெருவில் நீட்டுவாள், அடுத்துக் கீழத்தெருவில் நீட்டுவாள். இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டே கையை மடக்கி அனுப்புவார்கள்.

கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மரியதங்கத்துக்கு இந்த ஆசை விளங்கவே இல்லை. அவளும் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். ஆனால் எண்ணுகிறார்களா இல்லையா என்று திரும்பிப் பார்க்காதவள்.

"எக்கா, செத்த பொறவு நாலு பேரு தூக்கணுமேன்னுதான இந்தப் பாடு? நான் வாரேன். இந்தா, இந்த மீன் கூடையிலயே வச்சுத் தூக்கிட்டுப் போயிருதேன்."

"ஒன் கூடை நாத்தத்துக்குப் பயந்தே நான் சாவமாட்டேன் ஏட்டி."

"அப்ப இன்னைக்குச் சாளை வாங்கு. ரொம்ப நாள் இருப்ப."

இப்படிச் சாளை மீனும் சிரிப்புமாகப் போய்க்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்து முற்பகலில்தான் இரண்டு விண்மீன்கள் செந்தேரிக்கு இறங்கி வந்தன. ஒன்று மேற்கே பனங்காட்டுக்கு மேலும் மற்றொன்று கிழக்கே உடைமரக் காட்டுக்கு மேலும், பருந்து பறக்கும் உயரத்தில், ஆளுக்கொரு தோப்பின் அகலத்தில் வந்து நின்றன. ஊர் ஒன்றும் ஓடவில்லை. முதலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த புளியை எடுத்து உள்ளே வைத்தார்கள், அடுத்துக் கோழிகளைக் கவிழ்த்து மூடினார்கள், அதற்குப் பிறகுதான் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள்; பார்த்துவிட்டு, இவ்வளவு வெளிச்சத்தோடு வருகிறவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, மேலக்காரி, கீழக்காரி என்று பெயரும் வைத்தார்கள்.

அவை ஒளிர்ந்ததோடு நிற்கவில்லை, ஊதின. மேலக்காரி வயதானவள், உடுத்தியிருந்ததையெல்லாம் எப்போதோ உதறிப் போட்டுவிட்டு உள்ளுடம்போடு எரிந்துகொண்டிருந்தவள். அவளிடமிருந்து இரவும் பகலும் வீசிய காற்றில் கரிவாடை அடித்தது. கீழக்காரி அவளைவிடப் பருத்தவள், நீலம் பாய்ந்த வெள்ளை. அவள் காற்றில் வாடையே இல்லை, துவைத்த வேட்டியைப்போல வெறுமையாக வீசியது. இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி சுற்றினார்கள், ஆனால் வட்டமாகச் சுற்றவில்லை. கோழிமுட்டையை இழுத்து நீட்டிய மாதிரியான தடத்தில், பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகளைப்போலத் தொலைவில் கிடந்துவிட்டு, எட்டாண்டுக்கொருமுறை சரேலென்று நெருங்கி மூச்சோடு மூச்சு முட்டி விலகிப் போகும் தடம் அது. அந்தத் தடத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே லிங்கபுஷ்பத்தின் குடிசை இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை, அங்கே கவனிக்கத்தக்க எவரும் இல்லை என்பதே அவர்கள் எண்ணம்.

ஊர் அந்த அதிசயத்தை ஒரு கொடைக்கும் அடுத்த கொடைக்கும் இடையில் செரித்துவிட்டது. அப்பளம் இட்டுத் திரும்புவதற்குள் காய்ந்தது, கருவாடு போட்ட கையோடு எடுக்க முடிந்தது, ஈர முடியோடு எந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் போகவில்லை. மின்வாரியத்தார் தெருவிளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இருட்டே வராததால் சேவல்கள் எப்போது கூவுவது என்று தெரியாமல் தோன்றியபோதெல்லாம் கூவின, திருடர்கள் மரியாதையாக வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், புதிதாகத் திருமணமானவர்கள் சன்னல்களுக்குக் கம்பளி தைத்துத் தொங்கவிட்டார்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்தவர் இவை நன்செயா புன்செயா என்று கேட்டார். சாமியாடி ஒருவர் இவை அம்மன் என்றார், மாதாகோயில் உபதேசியார் ஒருவர் இவை அடையாளம் என்றார், இருவரும் ஒரே கடையில் தேநீர் குடித்துவிட்டு அவரவர் வழியே போனார்கள்.

அந்த ஊர் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று பாக்கியிருந்தது, அதையும் குறையில்லாமல் செய்தார்கள். மேலத்தெருக்காரர்கள் மேலக்காரியைத் தங்கள் தெருவின் தலைக்கட்டு என்று அறிவித்தார்கள். அப்படி அறிவித்தால் கொடையில் முதல் மரியாதை தங்களுக்கு வரும் என்பது கணக்கு. மறுநாளே கீழத்தெருக்காரர்கள் கீழக்காரியைத் தலைக்கட்டாக்கினார்கள். பெண்ணைத் தலைக்கட்டாக்குவதா என்று இரண்டு தெருவிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை; எட்டாத உயரத்தில் இருந்தால் பெண்ணுக்கு எந்த மரியாதையும் கொடுக்கலாம் என்பதில் ஆண்களுக்கு எங்கேயும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் எல்லை என்று ஒன்று வேண்டுமே. எந்தச் சூடு யாருடையது, எந்தக் காற்று யாருடையது என்று அடிதடி வரை போய், கடைசியில் அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது.

பெண்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது, ஓலைவேலிக்குப் பின்னால் நின்று கேட்கலாம். லிங்கபுஷ்பமும் மரியதங்கமும் அங்கே நின்றார்கள்.

"மேற்க உள்ளது பூராவும் மேலத்தெருவுக்கு," என்றார் சிவனணைந்தான்.

"கெழக்க உள்ளது பூராவும் கீழத்தெருவுக்கு," என்றார் சுயம்புலிங்கம்.

"நடுவுல?" என்று கூட்டத்தில் எவனோ கேட்டான்.

"நடுவுல என்னல இருக்கு? ரெண்டு பேரும் நெருங்கி வரும்போது அங்கன புல்லுகூட மிஞ்சாது. ரெண்டு அடுப்புக்கு நடுவுல எவனாவது பங்கு கேப்பானா?" என்று சிவனணைந்தான் திருப்பிக் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கள் இருவரும் கற்பூரத்தைக் கொளுத்தி, மேற்கு இன்னார்க்கு, கிழக்கு இன்னார்க்கு, இரண்டுக்கும் இடைப்பட்ட மணல் எந்நாளும் ஊர்க்கணக்கில் சேராது, அதில் உள்ளதும் அதில் விழுவதும் ஊருக்கு வேண்டாம், இது அம்மன்மேல் ஆணை என்று சொல்லி, ஒரே நேரத்தில் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்தார்கள். அம்மன் சாட்சியாக அணைத்த கற்பூரத்தை மீறினால் வம்சம் தங்காது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வேலிக்குப் பின்னால் மரியதங்கம் மெல்லக் கேட்டாள்: "எக்கா, ஒன் வீடு நடுவுலதான இருக்கு?"

"ஆமா."

"ஒரு வார்த்தை ஒன்னைச் சொன்னாவளா பாத்தியா?"

"'அதில் உள்ளது'ன்னு சொன்னாவல்லா. அது நாந்தான்," என்றாள் லிங்கபுஷ்பம்.

நெருங்கும் காலம் வந்தது. வெக்கை ஏறியதும் தெருக்காரர்கள் ஓடுகளின்மேல் வைக்கோல் பரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடுமாடுகளைக் கடற்கரைக்கு ஓட்டினார்கள். லிங்கபுஷ்பம் முதலில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள், அது திறக்கவில்லை. அடுத்து அத்தான் சுயம்புலிங்கத்தின் வீட்டுக் கதவைத் தட்டினாள்; அது திறந்து, பார்த்து, மூடிக்கொண்டது. அவள் திரும்பி வந்து குடிசைக்குள் ஒரு குடம் தண்ணீரும் தானுமாக உட்கார்ந்தாள். எரிந்தால் ஒரேயடியாக எரிந்துவிடுவோம் என்று தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

மேற்கிலிருந்து கரிவாடைக் காற்றும் கிழக்கிலிருந்து வெறுங்காற்றும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து, சரியாக அவளுடைய கூரைக்கு மேலே முட்டின. முட்டிய இடத்தில் காற்று காற்றாக இல்லாமல் நசுங்கி, வளைந்து, இரண்டு மலைகள் தலையால் முட்டிக்கொண்டு நிற்பது போன்ற ஒரு சுவராகி, அந்தச் சுவர் செவ்வொளி வீசி உறுமியது. ஓலை கருகவில்லை. குடத்துத் தண்ணீர் கொதிக்கவில்லை. மாறாக, சுவர் இறுக இறுக வெக்கை அதிலிருந்து பிழிந்தெடுத்ததைப்போல வெளியே கொட்டிப் போய்விட, உள்ளே ஒரு குளுமை இறங்கியது, ஆற்றங்கரையில் வேப்பமரத்தடியில் படுத்தவளுக்கு வாய்க்கும் குளுமை. அந்தக் குளுமையிலிருந்து, ஓசை இல்லாமல், மிக மெல்லிய கருந்தூசு இறங்கத் தொடங்கியது. லிங்கபுஷ்பம் வெளியே வந்து கையை நீட்டினாள். அப்போதுதான் அரைத்த கண்மையைப்போல வழவழப்பாக, பால்குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் உச்சந்தலையைப்போல இளஞ்சூடாக அது அவள் வெந்த விரல்களில் படிந்தது. அவள் தன் வாழ்க்கையில் முதன்முறையாக, யாரும் கேட்காததால், சத்தம் போட்டுச் சிரித்தாள்.

விண்மீன்கள் விலகியபோது தூசு ஒரு வளையமாகப் பரந்து, நடுமணலிலிருந்து நான்கு திசையும் நகர்ந்து போனது. ஊர் முழுவதும் கருத்தது. இட்லி கருத்தது, வெள்ளைவேட்டி கருத்தது, மூக்கைச் சிந்தினால் மை வந்தது. ஒரு வாரம் திட்டினார்கள், அடுத்த வாரம் பழகினார்கள், மூன்றாம் வாரம் அதை அள்ளி உப்புச் சேர்த்துப் பல் துலக்கினார்கள், விளக்கெண்ணெயில் குழைத்துக் குழந்தைகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தார்கள். தெருக்களில் விழுந்ததைக் காற்று சீக்கிரமே வாரிக்கொண்டு போய்விட்டது. நடுமணலில் பிறந்தது மட்டும் ஒரு முழ ஆழத்துக்குத் தங்கி, செம்மணலோடு கலந்து, நடக்கிற மணலைக் காலைப் பிடித்து உட்கார வைத்தது. லிங்கபுஷ்பத்தின் வாசலில் மணல் சேர்வது நின்றது. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே இருந்தது. அவள் ஒரு முருங்கைக் கம்பை ஊன்றினாள், அது பிடித்தது. கத்தரி விதைத்தாள், அது காய்த்தது. தேரியில் எவரும் பார்த்திராத வாழை ஒன்று தானாக முளைத்துக் குலை தள்ளியது.

பல்கலைக்கழகத்திலிருந்து ஷாஹிதா என்ற ஆய்வாளர் கருவிகளோடு வந்து, நடுமணலில் கூடாரம் அடித்துப் பல மாதங்கள் இருந்தாள். லிங்கபுஷ்பத்தின் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அவள் விளக்கியது இதுதான்: மேலக்காரியின் காற்றில் கரி இருக்கிறது, ஆனால் அவளுடைய சூடு இரண்டு அணுக்களைச் சேர்ந்து நிற்க விடாது, கீழக்காரியும் சூடுதான், அவளிடம் கரியும் போதாது, இரண்டு காற்றும் மோதும் இடத்தில் எல்லாம் நசுங்கி அடர்ந்து, அடர்ந்ததால் வேகமாக ஆறி, ஆறியதால் துகள் கட்டுகிறது, தொலைவில் இருக்கும்போது அந்த மோதலுக்கு வலுப் போதாது, எனவே நெருங்கும்போது மட்டும் கட்டுகிறது. "வானத்தில் இப்படி நடப்பதைத் தொலைநோக்கியில் பார்த்திருக்கிறோம் அக்கா. ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஒரு வளையம், வெங்காயத் தோல் மாதிரி. இந்த மாதிரித் தூசிலிருந்துதான் மண்ணும் மனுஷரும் வந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சூட்டுக்கு நடுவில் எப்படித் தப்பிக்கிறது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி."

"அப்ப இது மேலக்காரிதும் இல்ல, கீழக்காரிதும் இல்ல," என்றாள் லிங்கபுஷ்பம், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

"இரண்டு பேரும் வேண்டும். ஆனால் பிறப்பது நடுவில்தான்."

"இன்னொருக்காச் சொல்லு பிள்ள. மனசுல ஏத்திக்கிடுதேன்."

வாழைக்குலையைப் பார்த்த நாளிலிருந்து ஊருக்குத் தூக்கம் போயிற்று. கரி எங்கள் ஆளுடையது என்றது மேலத்தெரு. உங்கள் ஆள் தனியாக ஊதியபோது ஏன் ஒன்றும் விழவில்லை என்றது கீழத்தெரு. இந்த வழக்கிலேயே ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் லிங்கபுஷ்பம் முந்திரிக்கொட்டை உடைப்பதை விட்டாள், விரல்களில் புதுத்தோல் வந்தது, முருங்கை தோப்பாயிற்று. கொடைதோறும் வரியை நீட்டுவதை மட்டும் விடவில்லை. அவர்களும் கையை மடக்கி அனுப்புவதை விடவில்லை, சிரிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாம் நெருக்கம் வருவதற்குச் சற்று முன்பு, மண்ணை உருவாக்கும் தூசை ஒரு பொம்பளையிடம் விட்டுவைப்பதில்லை என்ற ஒரே விஷயத்தில் இரண்டு தெருக்களும் ஒத்துப்போயின. நெருங்கும் நாளன்று விடிகாலையில் சிவனணைந்தானும் சுயம்புலிங்கமும் முன்னால் வர, எல்லாத் தலைக்கட்டுகளும் கடப்பாரையும் கயிறுமாக நடுமணலுக்கு வந்தார்கள், குடிசையைப் பிரித்து அவளை வெளியேற்றிவிட்டு, தூசு இறங்கும்போது ஆளுக்குப் பாதியாக அள்ளிக்கொண்டு போவது என்று. கற்பூரம் அணைத்ததை ஆசையில் மறந்திருந்தார்கள். அதோடு அவர்கள் மறந்தது இன்னொன்று: போனமுறை அவர்கள் வீட்டுக்குள் ஈர வைக்கோலுக்கு அடியில் இருந்தவர்கள், வெளியே எவ்வளவு சூடு என்று அறியாதவர்கள். பாதிப் பேச்சிலேயே வெக்கை ஏறிவிட்டது. திரும்பிப் போகலாமென்று தோப்பு ஓரம்வரை போனவர்களின் மீசை கருகியது. பின்னாலேயே அவரவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, எங்கே குளிர்கிறது என்று லிங்கபுஷ்பம் சொல்லித் தெரிந்தவர்களாக நடுமணலுக்கே ஓடி வந்தார்கள். தலைக்கு மேலே இரண்டு காற்றும் முட்டி, சுவர் எழுந்து, உறுமி, இறுகியது. கருந்தூசு இறங்கியது.

அன்று பகல் முழுவதும் ஊர் அவள் வாசலில் அடைந்து கிடந்தது. யார் மேலத்தெரு, யார் கீழத்தெரு என்று கண்டுபிடிக்க முடியாதபடி எல்லா முகமும் ஒரே கருப்பு. கண்ணும் பல்லும்தான் ஆளை ஆள் அடையாளம் காட்டின. லிங்கபுஷ்பம் யாரையும் ஒன்றும் கேட்காமல் பானை பானையாகத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். சாளைக் கூடையோடு வந்து மாட்டிக்கொண்ட மரியதங்கம் அவளுக்குக் கூடமாட நின்றாள்.

"அண்ணாச்சி, தண்ணி வேணுமா, இல்ல முதல்ல வீட்டைப் பிரிச்சிட்டுக் குடிக்கியளா?" என்று மரியதங்கம் சிவனணைந்தானைக் கேட்டாள்.

"ஏளா, வாயை மூடு."

"மூடிட்டா தூசு உள்ள போவாது, நல்ல யோசனை. நீங்களும் மூடுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்கள் யார் என்று கருப்பில் தெரியவில்லை. சிவனணைந்தான் கடப்பாரையைக் கீழே போட்டார். அவர் முட்டாள் இல்லை. தங்கை தந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே யோசித்தார், சுயம்புலிங்கத்தைத் தள்ளிக் கூட்டிப்போய்க் காதில் பேசினார், பிறகு திரும்பி வந்து, எல்லாரும் கேட்கும்படி, குரலைக் குழைத்து, அவள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஏட்டி லிங்கபுஷ்பம். நடந்தது நடந்து போச்சு. ஊரு ஒன்னைய ஒரு தலைக்கட்டா எண்ணிக்கிடும். மொத மொத ஒரு பொம்பள தலைக்கட்டு. கூட்டத்துல ஒனக்கு எடம் உண்டு, கொடையில மரியாதை உண்டு. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா ஊரு தூக்கும். இப்பமே, இந்த எடத்துலயே சொல்லுதோம்."

"நானும் சொல்லுதேன் தாயி," என்றார் சுயம்புலிங்கம். "கற்பூரம் வேணும்னாலும் அணைக்கோம்."

லிங்கபுஷ்பம் கையில் செம்போடு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியதை மரியதங்கம் பார்த்தாள்; இவள் சரி என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தாள். வாய் திறந்தும் விட்டாள் லிங்கபுஷ்பம். ஆனால் அந்த நொடியில் அவள் அத்தான் அவசரப்பட்டார், "ஊருக்குள்ள சேந்துட்டா ஒன் எடமும் ஊரு எடந்தான, வித்தியாசம் என்ன இருக்கு" என்று ஆறுதல்போல ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

அவள் செம்பை இறக்கி வைத்தாள்.

"அண்ணே. நான் ஊர்க்கணக்குல சேந்தா, நான் நிக்கிற மண்ணும் ஊர்க்கணக்குல சேந்துரும். அப்படித்தான?"

அண்ணன் சுயம்புலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்கு அம்மனுக்கு முன்னால என்ன சொன்னிய? நடுவுல உள்ளதும் நடுவுல விழுறதும் ஊருக்கு வேண்டாம்னிய. நான் வேலிக்குப் பின்னாலதான் நின்னேன், காது செவிடு இல்ல. அதை மீறுனா ஒங்க வம்சம் தங்காது. அதான் அதை மீறாமலே வாங்கிக்கிட ஒரு வழி பாத்திருக்கிய. என்னைய உள்ள இழுத்தா, மண்ணு எம் பின்னாலயே வந்துரும்."

"ஒரு பொம்பளைக்கு இவ்வளவு மரியாதை..." என்று சுயம்புலிங்கம் தொடங்கினார்.

"அத்தான், மரியாதையை நான் கேட்டப்ப எல்லாம் ஒங்க கைக்கு எட்டலை. இப்ப என் வாசல்ல உக்காந்து, என் தண்ணியைக் குடிச்சிட்டு, என் தலைக்கு மேல பிறந்ததை மேல பூசிக்கிட்டு இருக்கிய. இங்கன மேலத்தெருவும் இல்ல, கீழத்தெருவும் இல்ல. மேலக்காரி கரியை அண்ணன் வச்சுக்கிடட்டும், கீழக்காரி காத்தை நீங்க வச்சுக்கிடுங்க. ரெண்டையும் தனித்தனியா வச்சா என்ன விளையும்னு நாலு வருசம் பாத்தாச்சு, எட்டு வருசமும் பாத்தாச்சு. என்னைய எண்ண வேண்டாம். எண்ணாம விட்டிய பாருங்க, அது அப்படியே இருக்கட்டும். அதுதான் எனக்குப் பட்டா."

யாரும் எழுந்து போகவில்லை. அந்த வாசலைத் தாண்டினால் வெக்கை அடிக்கும். அங்கேயே உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. சிவனணைந்தான் தன் கருத்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விண்மீன்கள் விலகி, சாயங்காலம் காற்று தணிந்தபோது, தலைக்கட்டுகள் ஒவ்வொருவராகக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்களில் சிலர் போகவில்லை. மேலத்தெருவில் புருஷன் செத்துப் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, கீழத்தெருவில் திருமணமே ஆகாமல் நரைத்துப்போன ஒருத்தி, எந்தத் தெரு என்று யாரும் கேட்டிராத இன்னும் இரண்டு பேர், தரையில் கிடந்த ஈரச்சாக்குகளை மடித்துக்கொண்டு, எங்கே உட்காரலாம் என்று லிங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் முருங்கைத் தோப்புக்கு அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினாள்.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. லிங்கபுஷ்பம் அதன் பிறகு எந்தக் கொடைக்கும் வரியை நீட்டவில்லை. தங்கவேல் ஒருமுறை மும்பையிலிருந்து வந்து தோப்பைப் பார்த்துவிட்டுப் பாசமாகப் பேசினான். அவள் அவனுக்குச் சோறு போட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதை நினைவுபடுத்தினாள். ஷாஹிதாவின் ஆய்வறிக்கையில் நன்றி சொல்லும் பக்கத்தில் அவள் பெயர் முதலாவதாக அச்சாயிற்று, அதை வாசித்துக் காட்டியபோது எழுத்துப்பிழை இல்லையே என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் நெருக்கத்தையும் நான்காம் நெருக்கத்தையும் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு கருவளையத்தை மண்ணில் விட்டுப் போக, வளையத்துக்கு வளையம் வீடுகள் வந்தன, எண்ணப்படாதவர்கள் வந்து கட்டிய வீடுகள். சர்க்கரை நோயில் இடது காலின் இரண்டு விரல்களை இழந்தாள். எழுபத்தொரு வயதில், கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. செய்தி கேட்டு இரண்டு தெருத் தலைக்கட்டுகளும் பாடை கட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பெண்கள்தான் தூக்கினார்கள். மரியதங்கத்துக்கு அப்போது முதுகு கூனிவிட்டது, இருந்தும் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தாள், கூடை வேண்டாம் என்று இவள்தான் சொல்லிவிட்டாளே என்று அழுதுகொண்டே சொன்னாள். நடுமணலில், வாழைக்குப் பக்கத்தில், கருப்பு மண்ணில் அவளைப் புதைத்தார்கள். கல் நடவில்லை. இன்றும் செந்தேரியின் தலைக்கட்டுகளை எண்ணுகிறபோது அவள் வருவதில்லை.